அப்பாவை இந்தியாவுக்கு அனுப்பிய கோடை

போன மாதம் நமது வகுப்புக்காரரின் தொலைபேசிக் குழுவில் உங்களில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தீர்கள்: "தர்மபுரத்தில அறுவடை முடிஞ்ச வயலுக்கை நிண்டு தடியால பந்தடிக்கிற விசர் மனிசன் ஒராள் இருந்தவரெல்லோ, ஆருக்கும் ஞாபகம் இருக்கோ?" அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. ஒருவர் "ஓம், நல்ல ஞாபகம்" என்றார். இன்னொருவர், அந்த மனிதருக்கு மலைநாட்டுக் கலவரத்தில் தலையில் அடிபட்டதாகத் தன் தாய் சொன்னதை எழுதினார்.

அவர் என் அப்பா.

கேட்டவர் அதை மறந்துவிட்டார். எனக்குக் கோபமில்லை. நமக்கெல்லாம் இப்போது முழங்கால் வலியும் சீனி வருத்தமும் வந்தாயிற்று. யாருடைய தகப்பன் யார் என்பதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அன்று நான் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. அது விரலால் தட்டி அனுப்பி முடிகிற கதையில்லை. அதோடு, அந்தக் கதையின் பாதி எனக்கே இந்த வருடம்தான் தெரியவந்தது.

அப்பா கோல்ப் விளையாட்டுக்காரர். பொழுதுபோக்குக்கு விளையாடியவர் இல்லை, அதுதான் அவருடைய தொழில். ஒரு காலத்தில் இந்தத் தீவில் அவரை வெல்ல ஆள் இருக்கவில்லை.

மலைநாட்டின் குளிர் நகரம் ஒன்றில் வெள்ளைக்காரர் உண்டாக்கிய கோல்ப் கிளப் இருக்கிறது. அதன் வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலை, தேயிலைக்கு நடுவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். லயத்தின் கடைசிக் காம்பராவில் அப்பா பிறந்தார். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு, துரைமாரின் மட்டைப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடக்கும் வேலைக்குப் போனார். பை அவரைவிட உயரமாக இருந்தது என்று அவருடைய அக்கா, என் அத்தை, சொல்லிச் சிரிப்பார். மற்றப் பையன்கள் பந்து போகும் திசையைப் பார்த்தபோது அப்பா துரையின் இடுப்பையும் மணிக்கட்டையும் பார்த்தாராம். லயத்துக்கு வந்ததும் கொய்யாக் கிளையொன்றை வளைவாக வெட்டியெடுத்து, சமைக்க வைத்திருந்த உருளைக்கிழங்கைத் தேயிலைச் சரிவில் அடித்துப் பார்ப்பார். கிழங்கு சிதறியதற்காக அத்தையிடம் அடி வாங்குவார்.

பை தூக்குகிறவர்கள் வருடத்தில் ஒரு நாள் மட்டும் விளையாடலாம் என்று அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். அப்படியொரு நாளில் அப்பா இரவல் மட்டையோடு, வெறுங்காலோடு இறங்கினார். குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளிலும் பந்தைப் போட்டு முடிப்பவருக்குத்தான் கோல்பில் வெற்றி. அன்று மாலை அப்பா முடித்தபோது, அந்த வருடம் துரைமாரில் யாரும் அவ்வளவு குறைந்த அடிகளில் முடித்திருக்கவில்லை என்று தெரிந்தது. சில வருடங்களில் கிளப் அவரைத் தன் தொழில்முறை ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டது. துரைமாருக்கும் அவர்களுடைய மனைவிமாருக்கும் பழக்குவது, உடைந்த மட்டைகளைத் திருத்துவது, கிளப்பின் பேரில் கொழும்புப் போட்டிகளுக்குப் போய் வென்று வருவது. வருடா வருடம் வென்று வந்தார். பத்திரிகையில் படம் வந்தது. அவர் வென்ற வெள்ளிக் கிண்ணங்கள் கிளப்பின் பெரிய மண்டபத்தில் இருந்தன. அந்த மண்டபத்துக்குள் முன்வாசலால் போக மட்டும் அவருக்கு அனுமதி இருக்கவில்லை. மட்டை திருத்தும் அறை பின்பக்கம் இருந்தது, அவருடைய வாசலும் அதுதான்.

போட்டி நாட்களில் தோட்டத்து ஆட்கள் வேலைவிட்டு வந்து ரோட்டோர வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை பந்து ஓடைக்குள் போய்ச் சேற்றில் பாதி புதைந்துவிட்டது. வேறு ஆளாயிருந்தால் அடியொன்றை இழந்து பந்தை வெளியே எடுத்து வைத்திருப்பார். அப்பா, துரையொருவர் கொடுத்திருந்த பெரிய சப்பாத்துகளைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அந்த ஐஸ் தண்ணீருக்குள் இறங்கி நின்று அடித்தார். சேறும் தண்ணீரும் ஆளை மறைத்தன. தண்ணீர் விழுந்து ஓய்ந்தபோது பந்து குழியின் பக்கத்தில் கிடந்தது. வேலிக்கு மேலே எழுந்த சத்தத்தில் கிளப்பின் குதிரை கட்டை அறுத்துக்கொண்டு ஓடியதாம். அந்த வருடம் லயத்தில் பிறந்த ஆண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பாவின் பெயர்.

பிறகு மலாயாவில் ஒரு பெரிய போட்டிக்கு அழைப்பு வந்தது. கம்பனித் துரையொருவர் விமானச் சீட்டுக்கு ஒழுங்கு செய்தார். அப்பா கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்பில் ஒரு கந்தோருக்குப் போனார்.

"எந்த நாட்டு ஆள்?" என்று கேட்டார்கள்.

"இங்கதாங்க பொறந்தேன்."

"உன் தகப்பன் எங்கே பிறந்தான்? பதிவு இருக்கா?"

இருக்கவில்லை. தோட்டத்து ஆட்களில் பெரும்பாலானோருக்கு அப்போது நாடு கிடையாது. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இந்த நாட்டவர் இல்லை. இந்தியாவைக் கண்ணால் காணாதவர்கள் இந்தியர். அப்பாவுக்குக் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை. அவரிடம் தோற்று இரண்டாவதாக வந்தவர் மலாயாவுக்குப் போனார். "மட்டைக்கு பாஸ்போட் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க, தூக்கிட்டுப் போறவனுக்குத்தான் இல்ல" என்று அப்பா பிற்காலத்தில் பகிடியாகச் சொல்வார். சொல்லிவிட்டு யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார்.

அதன் பிறகும் அவர் வருடக்கணக்காக இங்கே வென்றுகொண்டுதான் இருந்தார். அம்மாவைக் கல்யாணம் செய்தார், நாங்கள் பிறந்தோம், கிளப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு கிடைத்தது. பிறகு கலவரம் வந்தது. லொறிகளில் வந்தவர்கள் கடைகளை எரித்துவிட்டு எங்கள் வீதிக்கு வந்தார்கள். அம்மாவின் அண்ணன், என் மாமா, வாசலில் நின்று மறித்தார். இரும்புக் கம்பியால் அவருடைய இடது கையை முறித்தார்கள். நாங்கள் பின்பக்கத்தால் ஓடினோம். கிளப்பின் செயலாளர் ஒரு சிங்களவர், நரைத்த மீசைக்காரர். அவர்தான் எங்களைப் புல்வெட்டும் யந்திரங்கள் வைக்கும் அறைக்குள் விட்டு, வெளியே பூட்டிவிட்டு, பூட்டுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். யந்திர எண்ணெயும் வெட்டிய புல்லும் கலந்த அந்த வாடை இப்போதும் எங்கேயாவது வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வீடு எரிந்து முடிந்திருந்தது. அப்பாவின் கையில் ஒரு மட்டையும் கோட்டுப் பைக்குள் சில பந்துகளும் இருந்தன. மாமாவை அடித்தவர்களை நோக்கி அந்த மட்டையோடுதான் அவர் ஓடியிருக்கிறார், அம்மா அவரை இழுத்துப் பிடித்திருக்கிறார்.

அப்படித்தான் நாங்கள் வடக்கே, வன்னியில் இருக்கும் உங்கள் ஊர் தர்மபுரத்துக்கு வந்தோம்.

வந்த முதல் மழைக்காலம் மற்றவர்களின் வயல்களில் கூலிக்குப் போவதில் கழிந்தது. பிறகு மாமா அலைந்து திரிந்து காட்டோரமாக ஒரு துண்டுக் காணி பிடித்தார். கை சரியாக மடங்காத நிலையிலும் அவர்தான் வீட்டை நடத்தினார். எதை விதைப்பது, யாருடன் கதைப்பது, பிள்ளைகள் எந்தப் பாதையால் பள்ளிக்கூடம் போவது, எல்லாம் மாமாவின் சொல். அப்பா மண்வெட்டி பிடித்தால் கை கொப்பளிக்கும். கொப்பளம் உடைந்த இடத்தில் வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு மறுபடி வெட்டுவார். நன்றாக வெட்டினார் என்று சொல்லமாட்டேன்.

மாசியில் அறுவடை முடிந்து, வைக்கோல் ஏற்றிய பிறகு, வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்தக் கோடையின் முதல் கச்சான் காற்று தொடங்கிய நாளொன்றில் அப்பா மட்டையை எடுத்துக்கொண்டு வயலுக்கு இறங்கினார். ஒரு சிட்டிகைப் புழுதியை எடுத்துக் காற்றில் விட்டுப் பார்த்தார். அது பறந்த பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். கலவரத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். மட்டை சுழன்ற சத்தம் துணி கிழிவதைப் போலிருந்தது. பந்து வயலுக்கு மேலே ஏறி, காற்றில் ஒரு கணம் நின்று, தூரத்துப் பாலை மரத்தடியில் விழுந்தது.

அன்றிலிருந்து பின்னேரங்களில் நீங்களும் வந்தீர்கள். இப்போது கனடாவில் இருக்கும் உங்களில் ஒருவர் அப்பாவிடம் கேட்டீர்கள்: "மாமா, உது என்ன விளையாட்டு?"

"சின்னப் பந்த, தூரத்துல இருக்கிற சின்னக் குழியில போடணும். அவ்வளவுதான் தம்பி."

"அப்ப கையால எடுத்துக்கொண்டு போய்ப் போட்டா என்ன?"

அப்பா வயல் வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இத முன்னாடியே எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டவரே போன மாதம் குழுவில் சிரிக்கும் முகம் போட்டவர். அதனால்தான் எனக்குக் கோபம் வரவில்லை.

பந்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்று நாயுண்ணிப் பற்றைக்குள், ஒன்று கிணற்றுக்குள். ஒன்று பக்கத்துக் காணிக்காரரின் பசு மாட்டின் வயிற்றில் பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர் அவர், அமைதியான மனிதர். வேலிக்கு அருகில் வந்து நின்று, "தம்பி, உங்கட விளையாட்டை நான் குறை சொல்லேல்லை. ஆனா மாடு கன்றுத்தாச்சியா நிக்குது. ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?" என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அம்மா குசினிக்குள் நின்று இதைக் கேட்டு அழுதார். "மாடு கட்டுறவன்கிட்டயெல்லாம் கும்பிடுறாரு. இந்தக் குச்சி ஒன்னு இல்லாட்டி இவருக்கு இந்த நெலம வருமா" என்று என்னிடம் சொன்னார். பக்கத்துக் காணிக்காரரின் மனைவி கிணற்றடியில் வைத்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, கொப்பருக்குக் கலவரத்தில தலையில ஏதும் பட்டதோ?" அப்படித்தான் அந்தக் கதை ஊருக்குள் பரவியது.

பாலைப்பழக் காலம் வந்தது. காட்டுக்குள் போய்ப் பழம் தின்றுவிட்டு உதடுகள் பசையாக ஒட்டிக்கொள்ள நாங்கள் வருவோமே, ஞாபகமா? என் உதட்டில் ஒட்டியிருந்த பிசினை அப்பா விரலால் தொட்டு, உருட்டிப் பார்த்தார். முந்திய காலத்தில் கோல்ப் பந்தை மரப்பாலில்தான் செய்தார்கள் என்று ஒரு கிழட்டுத் துரை அவருக்குச் சொல்லியிருந்தாராம். அடுத்த நாள் பாலை மரத்தைக் கீறி, சிரட்டையில் பால் சேர்த்து, பழந்துணியைச் சுற்றிச் சுற்றி ஒரு பந்து செய்தார். வெயிலில் வைத்துக் காயவிட்டார். இரண்டு அடி தாங்கியது. அதன் பிறகு பிய்ந்து, புளித்த வாடையோடு மட்டையின் தலையில் ஒட்டிக்கொண்டது. அப்பா அதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்ததை மாமா தூரத்தில் நின்று பார்த்தார். "இவன் திரும்பிப் போகத்தான் பாக்கிறான்" என்று அம்மாவிடம் சொன்னார். "ஒரு நாளைக்கு நம்ம யாருகிட்டயும் சொல்லாம ரயில் ஏறிடுவான் பாரு. போனா பொணமாத்தான் வருவான்."

அம்மா அன்று சோறு வடித்துக்கொண்டிருந்தார். கஞ்சி கையில் கொட்டியது.

சில நாட்களுக்குள் அந்தக் கார் வந்தது. வெள்ளைக் கார், புழுதியில் செம்மண் நிறமாகியிருந்தது. அப்பா வீட்டுக்குக் கம்பு வெட்டக் காட்டுக்குப் போயிருந்தார். காரிலிருந்து நரைத்த மீசைக்காரரான செயலாளர் இறங்கினார். கூட வந்த சாரதி எங்கள் மலைநாட்டுத் தமிழர். லயத்து ஆட்களிடம் விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்திருந்தார்கள். அம்மா அவரைக் கண்டதும் ஓடிப்போய்க் கும்பிட்டார். எங்கள் உயிரைக் காப்பாற்றியவர் அல்லவா?

செயலாளர் சிங்களத்தில் சொல்ல, சாரதி தமிழில் சொன்னார். கிளப்பில் ஒரு பெரிய போட்டி நடக்கப்போகிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். அப்பா விளையாட வேண்டும். அதோடு பழைய வேலைக்கே திரும்பி வரலாம், கிளப் வளவுக்குள்ளேயே வீடு கட்டியிருக்கிறார்கள்.

"எங்க அவரு?" என்று சாரதி கேட்டார்.

அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா முறிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு சொன்னார்: "அவரு இந்தியாவுக்குப் போயிட்டாருங்க."

அந்த நாட்களில் தோட்டத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் நம்பக்கூடிய பொய்தான். ஆனால் முற்றத்தில், உடுப்புக் காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்தபடி அப்பாவின் மட்டை நின்றது. செயலாளர் அதைக் கண்டுவிட்டார். அதைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "பயம் வேணாம் அம்மா. நான் இருக்கிறேன்" என்றார்.

அம்மா அவருடைய காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போயிட்டாருங்க, ஐயா."

செயலாளர் தண்ணீர் கேட்டார், குடித்தார், என் தலையைத் தடவினார், காரில் ஏறினார். புழுதி அடங்கும்வரை அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். "நன்றி கெட்டவளா ஆக்கிட்டியே அண்ணே" என்று மாமாவிடம் கேட்டார். "தாலியோட இருக்க ஆக்கினேன்" என்றார் மாமா. மாமாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கை மழைக்காலமெல்லாம் அவரை வருத்தியது. அவருக்குத் தெரிந்த மலைநாடு அந்தக் கையில்தான் இருந்தது.

அப்பா வந்து டயர்த் தடத்தைப் பார்த்து யார் என்று கேட்டார். காணி அளக்க வந்தவர்கள் என்று மாமா சொன்னார். எங்களுக்கும் வாய் திறக்கக்கூடாது என்று கட்டளை.

கோடை முடியும் நாட்களில், ஒரு காலை, அப்பா சந்திக் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனார். கடை வானொலியில் விளையாட்டுச் செய்தி போயிற்று. மலைநாட்டில் நடந்த போட்டியில் வெளிநாட்டவர் ஒருவர் வென்றாராம். இந்தியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்ட முன்னாள் சம்பியன் கலந்துகொள்ளவில்லையாம். அப்பாவின் பெயரைச் சொன்னார்கள்.

மண்ணெண்ணெய்ப் போத்தலோடு முற்றத்தில் வந்து நின்று, "நான் எப்ப இந்தியாவுக்குப் போனேன்?" என்று கேட்டார்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பதைப் போலக் கேட்டார். மாமா வெளியில் போய்விட்டார். அம்மா உரலைப் பிடித்துக்கொண்டு அழுதபடி எல்லாவற்றையும் சொன்னார். "உசுரோட இருக்கணும்னுதான் சொன்னோம். என்னைய வெட்டிப் போடுங்க, ஆனா அங்க போகாதீங்க" என்றார்.

அப்பா போத்தலைக் கவனமாக நிலத்தில் வைத்தார். அடுத்த நாள் விடிந்ததும், மட்டையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினார். "போயிட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் இல்லாத நாட்களில் அம்மா அடுப்பை மூட்டவே மறந்தார். பஸ் வரும் நேரமெல்லாம் ரோட்டுக்குப் போய் நிற்பார். பக்கத்துக் காணி அம்மா சோறு கொண்டுவந்து, "ஒண்டும் யோசியாதேங்கோ, அவர் வந்திடுவார்" என்று சொல்லிவிட்டுப் போவார். மாமா மூலையில் சுருண்டு படுத்திருந்தார். அம்மாவைக் கூப்பிட ரோட்டுக்குப் போன அவர்தான் முதலில் அப்பாவைக் கண்டார். பின்னேரப் பஸ்ஸிலிருந்து கரட், லீக்ஸ், பேரிக்காய் நிறைந்த சாக்கோடு அப்பா இறங்கினார்.

"என்னாச்சு?" என்றார் அம்மா.

"ஒன்னும் ஆகல. எல்லாம் புது ஆளுங்க. யாருக்கும் நம்மள ஞாபகமில்ல. கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க."

அம்மா அவருடைய தோளில் முகம் புதைத்து அழுதார். நிம்மதியில் அழுதார் என்பது எங்களுக்குத் தெரிந்தது. மாமா, "நான் சொன்னேன்ல மச்சான்? அவங்களுக்கு நாம யாரு?" என்றார். "ஆமா, நீங்க சொன்னது சரிதான்" என்றார் அப்பா. பேரிக்காய்களை உங்கள் வீடுகளுக்கும் கொடுத்தனுப்பினோம். குளிர் ஊரின் வாசம் இருந்தது அவற்றில்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் கோல்பைப் பற்றிக் கதைப்பதில்லை. அம்மா எங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "அப்பா மனசு ஒடைஞ்சு வந்திருக்காரு. அவரு முன்னாடி அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது." யாராவது விருந்தாளி தெரியாமல் கேட்டுவிட்டால், மாமா பேச்சை மாற்றுவார். அப்பா வயல் வேலை பழகி நல்ல கமக்காரராக ஆனார். மட்டை முருங்கைக்காய் பறிக்கும் கொக்கத்தடிக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. அப்பா நெஞ்சுவலியில் போனது போரின் கடைசி இடப்பெயர்வுக்கு நீண்ட காலத்துக்கு முன்பு. மட்டை அந்த இடப்பெயர்வில், விசுவமடு தாண்டி எங்கேயோ, ஒரு உழவு யந்திரப் பெட்டியிலிருந்து விழுந்துவிட்டது. அம்மா அதற்குப் பிறகு சில வருடம் இருந்தார். "அவங்களே மறந்துட்டாங்க, நாம தடுத்தா மட்டும் என்னா" என்று அவ்வப்போது சொல்லிக்கொள்வார். அது அவருக்கு ஆறுதல்.

இந்த வருடம் பள்ளி விடுமுறையில் மகள் தன் பிள்ளைகளோடு என்னையும் மலைநாட்டுக்குக் கூட்டிப்போனாள். கிளப் வாசலில் காவலாளியிடம், என் அப்பா இங்கே ஆட்டக்காரராக இருந்தவர், வெளியில் நின்று பார்த்துவிட்டுப் போகிறோம் என்றேன். பெயரைக் கேட்டார். உள்ளே போய் ஒரு முதியவரைக் கூட்டிவந்தார். முதியவர் இளமையில் பை தூக்கியவர். இப்போது பெயருக்கு ஒரு வேலை, வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

"நீங்க அவரு மகளா? கடைசியா வந்தப்ப அவரு பைய நாந்தாம்மா தூக்கினேன்."

"கடைசியாக வந்தபோது கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்றுதான் அப்பா சொன்னார்" என்றேன்.

"யாரு அனுப்பினது?" முதியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "செக்கரட்டரி ஐயா கேட்டுக்கு ஓடி வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. முன்வாசலால கூட்டிட்டுப் போனாரு. அந்தா, அந்தக் கதிரையில ஒக்கார வச்சு தேத்தண்ணி குடுத்தாங்க. போட்டி முடிஞ்சு போச்சு, ஆனா நீ ஒரு தடவ ஆடிக் காட்டுன்னாரு. உங்கப்பா சப்பாத்து வேணாம்னுட்டாரு. வெறுங்காலுதான். சாக்குல சுத்திக் கொண்டாந்த மட்டையும், கிளப்பு பையில இருந்த மத்த மட்டைகளும். தூறலு. எல்லாரும் வெராண்டாவுக்கு வந்துட்டாங்க, குசினியில இருந்தவங்க கூட. வெளிநாட்டுக்காரன் ஜெயிச்ச கணக்கவிடக் கொறவும்மா. நான் கூட நடந்தவன், பொய் சொல்லல."

நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பதினாறாவது குழியில மட்டும் என்னா பண்ணினாருன்னு எனக்குத் தெரியாது. பந்து சைப்ரஸ் மரத்துக்குள்ள போயிருச்சு. என்னையக் குழியில குத்தியிருந்த கொடிக்கிட்டப் போய் நிக்கச் சொன்னாரு. பனி மூடிக்கிச்சு, ஒன்னுமே தெரியல. ஒரு சத்தம் கேட்டுச்சு. குனிஞ்சு பாத்தா பந்து குழிக்குள்ள கெடக்கு. எப்படி அடிச்சாருன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். பொறவு கேட்டேன், சிரிச்சாரு."

செயலாளர் அன்று மறுபடியும் வேலையையும் வீட்டையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா வேண்டாம் என்றிருக்கிறார். "அப்ப எதுக்கு உன் வீட்டுல இந்தியாவுக்குப் போயிட்டதா சொன்னாங்கன்னு ஐயா கேட்டாரு" என்றார் முதியவர். "உங்கப்பா சொன்னாரு: 'அவங்க மேல ஒன்னும் இல்லீங்க. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். நீங்க கூப்பிட்டா எனக்கு வந்துடணும்னு ஆச வந்துடும், அதுக்குப் பயந்து சொல்லச் சொன்னேன்.' கேட்டு வரைக்கும் நான் கூடப் போனேன். 'டேய், இன்னைக்கு ஆடின மாதிரி நான் வாழ்க்கையில ஆடினதில்ல'ன்னாரு. மார்க்கெட்டுல மரக்கறி வாங்கணும்னு போயிட்டாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா சொன்ன இரண்டு பொய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மாவை அந்த மனிதருக்கு முன்னால் பொய்க்காரியாக விட்டுவரக்கூடாது என்பதற்காக அங்கே ஒரு பொய். அம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்பதற்காக இங்கே ஒரு பொய். இரண்டுக்கும் நடுவில் அப்பா இருந்தார். நாங்களோ அவரைத் தோற்று வந்தவராக நினைத்து, வருடக்கணக்காக, அவ்வளவு கவனமாக, அவ்வளவு அன்பாக, அவருடைய வாயை மூடி வைத்திருந்தோம்.

பஸ் மாங்குளம் தாண்டும்போது எனக்கு ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அவர் திரும்பி வந்த வருடத்து மழைக்காலம். பின்னேரம், கிடுகுக் கூரையில் தூறல். குசினிக்குள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா மழையைக் கேட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"அன்னைக்கும் மலையில இதே மாதிரி தூறலுதான்" என்றார். "பதினாறாவது குழியில பாருங்க…"

அம்மா அவசரமாக மீன் துண்டொன்றை எடுத்து அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்தார். "அதையெல்லாம் எதுக்குங்க இப்ப நெனைச்சுக்கிட்டு? விடுங்க, சாப்பிடுங்க" என்றார். குரலில் அத்தனை பரிவு. மாமாவும் "ஆமா மச்சான், விட்டுத் தள்ளு" என்றார்.

அப்பா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"சரி" என்று சொல்லிவிட்டு, மீனில் முள் எடுத்து, சாப்பிடத் தொடங்கினார்.